வாடிப்பட்டிப் பக்கம் ஒரு ஹம்பி

"என் வீட்டுக்காரரைக் காணோம்," என்றாள் ரங்கநாயகி. "ஆனா தினமும் காலையில போட்டோ அனுப்பிடுறார்."

சிவபாண்டி கையிலிருந்த டீ கிளாஸை மேஜையில் வைத்தான். காளவாசலில், டயர் கடை மாடியில் இருந்த அந்தத் துப்பறியும் நிலையத்துக்குக் காணாமல்போன கணவர்கள் புதிதல்ல. காணாமல்போன பிறகும் காலை வணக்கம் சொல்கிற கணவர்தான் புதிது.

"அப்ப அவரு காணாமப் போகலம்மா, டூரு போயிருக்காரு."

"பாண்டி," என்றாள் முத்துச்செல்வி. வாயைக் கொஞ்ச நேரம் மூடு என்பதை அவள் அப்படித்தான் சொல்லுவாள். இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கணக்குக் காட்டுகிறவர்களைப் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு, பிறகு சொந்தமாகக் கடை போட்டவள். குரலை உயர்த்திப் பேசி அவன் கேட்டதில்லை.

"சொல்லுங்க அக்கா. எங்க போறேன்னு சொல்லிட்டுப் போனார்?"

"ஹம்பிக்கு. விஜயநகர ராஜா ஆண்ட ஊரு, இடிஞ்சு கிடக்கிற அரண்மனை எல்லாம் பாக்கணும்னு ரொம்ப நாள் ஆசைன்னார். சிநேகிதர் ரவிசங்கரும் வர்றார்னு சொன்னார். போன அன்னைக்கு ஒரு தடவை போன்ல பேசினதோட சரி, அப்புறம் போட்டோ மட்டும்தான். நேத்து பாருங்க, நான் கீழவாசல் போனா ரவிசங்கர் முறுக்கு வாங்கிட்டு நிக்கிறார். என்னைப் பார்த்ததும் முறுக்கைப் போட்டுட்டு ஓடுறார்."

பாண்டிக்குச் சிரிப்பு வந்தது. ரங்கநாயகியின் முகத்தைப் பார்த்து அதை விழுங்கிக்கொண்டான். பத்துத்தூண் சந்தில் சுங்குடிச் சேலை மொத்த வியாபாரம் செய்யும் குடும்பம்; வீட்டுக்குள் பேசுவது தமிழல்ல, தனிப் பாஷை. தெருவில் இறங்கினாலே நாயக்கர் அரண்மனையின் மிச்சத் தூண்கள் மூக்கில் இடிக்கும். அந்த வீட்டு மனிதர் தூண் பார்க்க ஹம்பிக்குக் கிளம்பியிருக்கிறார்.

"வீட்டுல எதுவும் மனத்தாங்கல்?" என்று கேட்டாள் செல்வி.

"மக பிருந்தா கல்யாண விஷயமா ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. அவளுக்குப் பிடிச்ச பையன் வேற ஆளுக. இவர் முடியாதுன்னுட்டார். நான் ஒண்ணும் சொல்லலை, சொன்னா மட்டும் கேட்கவா போறார்? ஆனா அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை." அவள் முந்தானை நுனியைத் திருகினாள். "போன வருஷம் அவருக்கு நெஞ்சுவலி வந்துச்சு. வேற பொம்பளைன்னாகூட வாயால கேட்டு ஒரு வழி பண்ணிக்குவேன். எனக்குத் தெரியாம எங்கயாவது ஆஸ்பத்திரில படுத்துக்கிட்டு, நான் பயந்துடுவேன்னு இப்படி அனுப்புறாரோன்னுதான்..."

முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். செல்வி அவள் கைப்பேசியை மெதுவாக வாங்கி, படங்களைத் தன் கம்ப்யூட்டருக்கு மாற்றிக்கொண்டு திருப்பிக் கொடுத்தாள்.

ரங்கநாயகி படியிறங்கிப் போன பிறகு, படங்களைக் கம்ப்யூட்டர் திரையில் பெரிதாக்கினாள். ஜனகராஜ் வழுக்கைத் தலையும் பெரிய கறுப்புக் கண்ணாடியுமாக, ஓர் இடிந்த வளைவுக்கு முன்னால் நின்றார். அடுத்ததில் யாளி செதுக்கிய தூணில் சாய்ந்திருந்தார். இன்னொன்றில் அகலமான ஒரு கல் மண்டபம். 'கஜசாலை, ராயர் யானை கட்டிய இடம்' என்று கீழே எழுதியிருந்தார்.

"ஆஸ்பத்திரி இல்லை," என்றாள் செல்வி.

"எப்படிக்கா?"

"கன்னத்தைப் பாரு. ஒவ்வொரு நாளும் பூரிச்சுக்கிட்டே வாரார். ஆஸ்பத்திரிச் சாப்பாட்டுல யாருக்குடா கன்னம் வைக்குது? ஹம்பியும் இல்லை. பின்னால மலையைப் பாரு."

"மலை எல்லா ஊருலயும் மலைதானக்கா."

"ஹம்பியில மலைன்னா, யாரோ லாரியில உருண்டைக் கல்லைக் கொண்டாந்து கொட்டின மாதிரி இருக்கும். இது பச்சையா, நீளமா, படுத்துத் தூங்குது. சிறுமலை. தூணும் வளைவும் ஹம்பி மாதிரியே இருக்கிறதுல ஆச்சரியமில்லை. ராயர்கிட்ட இருந்து வந்தவங்கதானே நம்ம நாயக்கருக. அதே கை. அந்தத் தைரியத்துலதான் மனுஷன் பொண்டாட்டியை ஏமாத்துறார்."

பாண்டி திரைக்கு அருகே போய் யாளித் தூணை உற்றுப் பார்த்தான். "இங்க பாருங்க, தமிழ்ல கிறுக்கியிருக்கு. 'கண்ணன் இதயம் கவிதா.' இதைத் துப்புன்னு எடுத்துக்கலாமா?"

"எடுத்துக்க முடியாது. நம்ம ஆளுக இமயமலையிலயும் எழுதிட்டுத்தான் வருவாங்க." அவள் படத்தை இன்னும் பெரிதாக்கினாள். தூணை விட்டாள், மலையை விட்டாள், ஜனகராஜின் கறுப்புக் கண்ணாடியில் போய் நின்றாள். கண்ணாடிக்குள் அவருக்கு எதிரே இருந்த எல்லாம் குட்டியாகத் தெரிந்தது. "இது என்னன்னு சொல்லு."

மஞ்சளும் சிவப்புமாக ஒரு பெரிய பலகை. ஓரத்தில் வட்ட வட்டமாக மனிதத் தலைகள். நடுவில் எல்லாரையும்விடப் பெரிதாக ஓர் உருவம்.

"ஃப்ளெக்ஸ் போர்டு!" என்று துள்ளினான் பாண்டி. "இம்புட்டு வட்டம் போட்டு இம்புட்டுத் தலையை அடுக்கிறது நம்ம ஜில்லாதான், எங்க வேணாலும் சத்தியம் பண்ணுவேன். நடுவுல இருக்கிற தலைவரு யாருக்கா? மூஞ்சி நீளமா இருக்கே. கூலிங் கிளாஸ் வேற..."

சட்டென்று நிறுத்தினான். தலைவருக்குக் கொம்பு இருந்தது.

செல்வி நாற்காலியில் சாய்ந்து முதல் முறையாகப் புன்னகைத்தாள். "காளை மாட்டுக்குக் கண்ணாடி மாட்டி ஃப்ளெக்ஸ் அடிச்ச ஆளை உனக்குத் தெரியாமலா இருக்கும்?"

*

காளவாசலில் பாண்டிக்குத் தெரியாத ஆளில்லை. சிக்னலைத் தாண்டி ரெண்டாவது சந்தில் ஃப்ளெக்ஸ் அடிக்கும் நல்லகாமன், பள்ளிக்கூடத்தில் அவனோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து சேர்ந்தே ஃபெயிலானவன்.

"வாடா மாப்ள. கல்யாண ஃப்ளெக்ஸா? கடைசியில பொண்ணு கிடைச்சிருச்சா?"

"பொண்ணு இல்லடா, மாடு. கூலிங் கிளாஸ் போட்ட காளை ஒண்ணு அடிச்சியாமே?"

நல்லகாமன் இரு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டான். "அதை ஞாபகப்படுத்தாத. செத்துப்போன ஜல்லிக்கட்டுக் காளைக்கு அஞ்சலி போர்டு. மாட்டுக்குக் கண்ணாடி நிக்காதுண்ணேன்னா, 'என் காளைக்கு எது நிக்கும், எது நிக்காதுன்னு எனக்குத் தெரியும், நீ மாட்டு'ங்கிறாரு. காது பக்கம் ரெண்டு நாளு மல்லுக்கட்டினேன்."

"எந்த ஊரு தம்பி?" என்றாள் செல்வி.

"வாடிப்பட்டி தாண்டி உள்ள போகணும்க்கா. யானைக்கொட்டம்னு ஒரு ஊரு."

செல்வியும் பாண்டியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கஜசாலை!

"மனுஷன் பொய்கூடச் சொல்லலைக்கா," என்றான் பாண்டி படியிறங்கும்போது. "ஊர்ப் பேரைச் சமஸ்கிருதத்துல மாத்தி எழுதியிருக்காரு, அம்புட்டுத்தான்."

*

திண்டுக்கல் சாலையிலிருந்து திரும்பி, வாழைத்தோப்புகளைத் தாண்டி பாண்டியின் பைக் யானைக்கொட்டத்தில் நின்றபோது உச்சி வெயில். ஊருக்கு வெளியே, சிறுமலையைப் பார்த்தபடி அந்தப் பழைய நகரம் கிடந்தது. நகரம் என்று அதைச் சொல்ல முதலில் வாய் வராது. கொஞ்சம் நடந்தால் வேறு சொல்லும் வராது. இரண்டு ஆள் உயரத்துக்குக் கோட்டை வாசலின் ஒரு கை மட்டும் நின்றது. மறு கை சரிந்து, கல்லுக்குக் கல் வேப்பங்கன்று முளைத்துக் கிடந்தது. உள்ளே கூரையில்லாத மண்டபம் ஒன்றில் தூண்கள் வானத்தைத் தாங்கிக்கொண்டு நின்றன. தெப்பக்குளத்தின் படிகள் இறங்கி இறங்கி, தண்ணீர் இல்லாத அடியில் கடலைக் கொடி காய்ந்தது. யானை கட்டிய கொட்டத்தில் இப்போது ஆடுகள் நின்றன. அவ்வளவு பெரிய வளைவுக்குக் கீழே அவை நின்றதைப் பார்க்க, ராஜா யானைகளைத் துவைத்துச் சுருக்கிவிட்டார் போலிருந்தது.

பாண்டிக்கு ஒரு நிமிடம் கிண்டல் வரவில்லை. இத்தனை கல்லை எங்கிருந்தோ இழுத்து வந்தவர்களின் தோள் எப்படி வலித்திருக்கும் என்று தோன்றியது. பிறகு வழக்கம்போல வந்துவிட்டது.

"அக்கா, இங்க நின்னு பாருங்க. போட்டோவுல இருக்கிற வளைவு இதுதான். ஒரு அடி இடது பக்கம் தள்ளி எடுத்திருந்தா ரேஷன் கடை விழுந்திருக்கும். ராயர் அரிசி வாங்க வரிசையில நின்ன இடம்னு எழுதணும்."

யாளித் தூணுக்குப் பின்னால் ஒரு குரல் கேட்டது. "ஏய், போ! அந்தப் பக்கம் போ! படத்துக்குள்ள வராதே!"

எட்டிப் பார்த்தார்கள். வழுக்கைத் தலையும் கறுப்புக் கண்ணாடியுமாக ஒருவர், ஒரு கையில் கைப்பேசியை நீட்டிப் பிடித்துக்கொண்டு மறு கையால் வெள்ளாடு ஒன்றை விரட்டிக்கொண்டிருந்தார். ஆடு போகிற மாதிரி இல்லை.

"ஐயா," என்று கூப்பிட்டான் பாண்டி. "ஹம்பிக்கு வழி எதுங்க?"

கைப்பேசி கீழே விழுந்தது.

"நான்... நான் ஆராய்ச்சியாளர். பேரு கந்தசாமி. நாயக்கர் காலக் கட்டடக்கலை..." என்று தடுமாறியவர், ஆளை அளப்பதுபோல் பாண்டியைப் பார்த்தார். "நீங்க எந்தப் பக்கம் தம்பி?"

அந்தக் கேள்வி எங்கே போய் முடியும் என்று பாண்டிக்குத் தெரியும். எத்தனையோ வாசல்களில் அவனிடம் அதைக் கேட்டிருக்கிறார்கள்.

"காளவாசல்ல இடது பக்கம்ங்க. டயர் கடை மாடி."

"ஜனகராஜ் சார்," என்றாள் செல்வி, கைப்பேசியை எடுத்துத் துடைத்து அவரிடம் கொடுத்தபடி. "உங்க வீட்டம்மா அனுப்பித்தான் வந்தோம். உங்களுக்கு நெஞ்சுவலி வந்து எங்கயோ படுத்திருக்கீங்கன்னு நினைச்சு அழுதுட்டுப் போனாங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். அது இல்லாமல் முகம் சட்டென்று வயதானதாகத் தெரிந்தது. தூணின் அடியில் உட்கார்ந்துவிட்டார்.

"அழுதாளா?"

"அழுதாங்க. எதுக்கு இந்த வேஷம்?"

ஆட்டைப் பார்த்தபடியே சொன்னார். "பிருந்தாவுக்குப் பிடிச்ச பையன் பேரு சித்தார்த். மாட்டு டாக்டர். இந்த ஊருதான். ஆளு எப்படி, குடும்பம் எப்படி, குடிக்கிறானா, அடிக்கிறானா, அம்மா வாய்க்காரியா... நேரா வந்தா எல்லாரும் நல்லவங்களாத்தானே நடிப்பாங்க? அதான் நாமளே நடிப்போம்னு..."

"விசாரிக்கணும்னா எங்ககிட்ட வந்திருக்கலாமே சார்!" பாண்டிக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது. "மாப்பிள்ளை விசாரிக்கிறதுலதான் எங்க அடுப்பே எரியுது. நீங்களே கிளம்பிட்டா நாங்க எங்க போறது?"

"குத்தம் கண்டுபிடிச்சு மக முன்னால வைக்கணும்னுதான் வந்தேன் தம்பி."

"கிடைச்சுதா?"

ஜனகராஜ் இல்லை என்று தலையை ஆட்டினார். "பையன் தினமும் என்னைப் பைக்குல ஏத்திக்கிட்டு ஒவ்வொரு கல்லா காட்டுறான். நடுவுல யாராவது மாடு படுத்துருச்சுன்னு போன் பண்ணினா அங்க ஓடுறான். நேத்து ஒரு கன்னுக்குட்டியை இழுத்து வெளிய எடுத்துட்டு, சட்டையெல்லாம் ரத்தமா, என்னைப் பார்த்துச் சிரிக்கிறான். அவங்க அம்மா ஒச்சாயி..." குரல் தாழ்ந்தது. "மாடியில ரூம் குடுத்து வேளாவேளைக்குச் சோறு போடுது. இப்ப நான் யாருன்னு சொன்னா அந்தம்மா முகத்துல எப்படி முழிப்பேன்? இன்னும் ஒரு நாள் குடுங்க. எதையாவது சொல்லிட்டுச் சத்தமில்லாம கிளம்பிடுறேன். ரங்கநாயகிகிட்ட ஹம்பியிலதான் இருந்தேன்னு..."

"சொல்ல மாட்டேன்," என்றாள் செல்வி. "நான் பொய்யைப் பிடிக்கிறவ சார். அதைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது என் வேலை இல்லை."

அந்த நேரத்தில் கோட்டை வாசல் பக்கமிருந்து ஒரு பெண் வந்தாள். கறுத்த, நெடிய உருவம். சேலையை ஏற்றிச் செருகியிருந்தாள். கத்தரித் தோட்டத்து மண் இன்னும் காலில் இருந்தது. ஒரு கையில் தூக்குவாளி, மறு கையில் வாழை இலைச் சுருள்.

"மதுரையில இருந்து ரெண்டு பேரு வந்திருக்காகன்னு டீக்கடையில சொன்னாக. அதான் சோத்தைக் கூடவே போட்டுக் கொண்டாந்தேன்," என்று தூக்குவாளியைக் கல்லில் வைத்தாள். இலையை உதறினாள். "இன்னைக்குக் கந்தசாமி சாரா, இல்ல ஜனகராஜ் சாரா? எதுன்னு சொன்னா அந்தப் பேரைச் சொல்லி இலை போடுறேன்."

ஆடு மட்டும் கத்தியது.

பாண்டி திறந்த வாயை மூடவில்லை. செல்வியேகூட ஓரடி பின்னால் நகர்ந்தாள். ஜனகராஜ் தூணை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"உனக்கு... உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"வந்த அன்னைக்கே. மாடியில நின்னு வீட்டம்மாகிட்ட உங்க பாஷையில போன் பேசுனீகல்ல? 'ஹம்பியில நல்ல லாட்ஜு கிடைச்சிருக்கு'ன்னீக, நடுவுல பிருந்தா பேரும் வந்துச்சு. நான் கீழ பாத்திரம் விளக்கிக்கிட்டு இருந்தேன்."

"எங்க பாஷை உங்களுக்கு எப்படிப் புரியும்?"

"உங்க மகதான் சொல்லிக்குடுத்துச்சு. ஞாயித்துக்கிழமைன்னா போன் போட்டு, 'அத்தே, இன்னைக்கு நாலு வார்த்தை'ன்னு ஆரம்பிச்சுரும். வாழ வர்ற இடத்துல தன் பாஷையில ரெண்டு வார்த்தை பேச ஒரு ஆளு வேணும்னு அதுக்கு ஆசை. பாதி எனக்கும் புரியும். மீதியை நானா சேத்துக்குவேன்." சிரித்துக்கொண்டே இலையில் தண்ணீர் தெளித்தாள். "என் வீட்டை லாட்ஜுன்னது மட்டும் கொஞ்சம் கோவந்தான்."

"பிருந்தாகிட்ட சொல்லிட்டீங்களா?" என்று கேட்டார்.

"சொல்லல. அப்பன் மேல புள்ள வச்சிருக்கிற மரியாதையை நான் ஏன் கெடுக்கணும்? எம்மகன்கிட்ட மட்டும் சொன்னேன்." ஒச்சாயியின் சிரிப்பு மெல்ல அடங்கியது. "சார், வந்த அன்னைக்கு நீங்க பாட்டில் தண்ணிதான் குடிச்சீக. பையில கொண்டாந்த ரொட்டியைத்தான் தின்னீக. ஏன்னு எனக்குத் தெரியாதா? எங்க மாமனார் காலத்துல இந்த ஊருல எங்க ஆளுகளுக்குத் தண்ணியைத் தூக்கித்தான் ஊத்துவாக, கையேந்திக் குடிக்கணும். உங்க பாட்டிலைப் பாத்ததும் அதுதான் கண்ணுல வந்துச்சு. விடிஞ்சதும் போகச் சொல்லிரணும்னு இருந்தேன். எம்மகன்தான், 'இருக்கட்டும்மா, ரெண்டு நாளு பாப்போம்'னான். மறுநா நீங்களே அடுப்படி வாசல்ல வந்து நின்னு, கொஞ்சம் குழம்பு கிடைக்குமான்னீக."

ஒச்சாயி சோற்றை இலையில் எடுத்து வைத்தாள்.

"பையனைப் பாக்க வந்தீக, அது தப்பில்ல. பொண்ணைப் பெத்தவுக பயப்படத்தான் செய்வீக. ஆனா உங்க மகளை நாங்க யாரும் ஒளிஞ்சு நின்னு பாக்கல. அது என்ன சொன்னுச்சோ அதை நம்புனோம். அது மட்டும் உங்க மனசுல இருக்கட்டும். இப்பச் சாப்பிடுங்க, ஆறிரும்."

பாண்டி தலையைத் திருப்பிக்கொண்டு தூணைப் பார்த்தான். வெயில் கண்ணில் படுவதாகத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

ஜனகராஜ் இலைக்கு முன் உட்காரவில்லை. எழுந்தார். வேட்டியில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டு, கடைக்கு வரும் பெரிய வியாபாரி முன் நிற்பதைவிட அடக்கமாக ஒச்சாயி முன் நின்றார்.

"முறையா வந்து கேட்கணும். என் சம்சாரத்தைக் கூட்டிக்கிட்டு, என் சொந்தப் பேருல. நான் வரலாமாம்மா?"

"அதுக்கு முதல்ல அந்தம்மாவுக்கு நீங்க எங்க இருக்கீகன்னு தெரியணும்ல?"

செல்வி அவர் கையிலிருந்த கைப்பேசியைக் காட்டினாள்.

அவர் நாலு தூண் தள்ளிப்போய் நின்று எண்ணை அழுத்தினார். தங்கள் வீட்டுப் பாஷையில், தாழ்ந்த குரலில் பேசத் தொடங்கினார். பாண்டிக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. துப்பறியும் தொழிலில் இதைவிடக் கொடுமை இல்லை என்று நினைத்தவன், ஒச்சாயி பக்கம் நகர்ந்தான்.

"என்னக்கா சொல்றாரு?"

ஒச்சாயி தலையைச் சாய்த்துக் கேட்டாள். "ஹம்பி இல்லைங்கிறாரு. நெஞ்சுக்கு ஒண்ணும் இல்லைங்கிறாரு... மாடு, ஆடுன்னு எதையோ சொல்றாரு... இப்ப நம்ம வீட்டைச் சொல்றாரு."

மறுமுனையில் குரல் உயர்ந்தது. நாலு தூண் தாண்டியும் கேட்டது. ஜனகராஜ் கைப்பேசியைக் காதிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்தார்.

"இப்ப?"

"அந்தம்மா வையுது," என்றாள் ஒச்சாயி. "முத வார்த்தை கிறுக்கன்னு நினைக்கிறேன். அடுத்தது தெரியல, பிருந்தா அதைச் சொல்லிக்குடுக்கல. அதுக்கடுத்ததும் சொல்லிக்குடுக்கல."

"கேட்டு வச்சுக்கங்கக்கா, பின்னால உதவும்," என்றான் பாண்டி. செல்வி அவன் முதுகில் ஒன்று வைத்தாள்.

வசவு நின்றது. ஜனகராஜ் கண்ணைத் துடைத்தபடி ஏதோ ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்.

ஒச்சாயி வாயைப் பொத்திக்கொண்டாள். "வந்த வேலை தோத்துப்போச்சுங்கிறாரு. சந்தோசமா இருக்குங்கிறாரு."

அப்போது ரங்கநாயகியின் குரல் மறுபடி வந்தது. இந்த முறை தமிழில், அந்த இடிந்த மண்டபம் முழுவதும் கேட்கிற மாதிரி. அதற்கு யாரும் அர்த்தம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"அங்கயே நில்லுங்க, வாரேன். அதுக்கு முன்னால போனைச் சம்பந்தியம்மாகிட்ட குடுங்க."

ஒச்சாயி ஈரக் கையைச் சேலையில் துடைத்தாள். ஒரு முறை துடைத்தது போதாமல் மறுபடியும் துடைத்துக்கொண்டு, தூண்களுக்கு நடுவே நடந்துபோய்க் கையை நீட்டினாள்.